பாகற்காய் மாமாவுக்குக் கோபம்

அத்தியாயம் பதினொன்று

தர்ஷிகா வாயைத் திறக்கவில்லை.

இட்லியைப் பிட்டுச் சர்க்கரை தொட்டு நீட்டினாள் செல்வகுமாரி. நெய் தொட்டு நீட்டினாள். கடைசியில் ஒன்றும் தொடாமல் வெறும் இட்லியாகவும் நீட்டிப் பார்த்துவிட்டாள். நாலு வயதுக் குழந்தை உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, சுவரில் ஊர்ந்த எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு வாய்டி. அம்மாவுக்குக் கை வலிக்குதுல்ல."

எறும்பு சன்னலைத் தாண்டிப் போயிற்று. குழந்தையின் கண்ணும் பின்னாலேயே போயிற்று.

கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த அவள் புருஷன் நவீன்குமார் பின்பக்கத் தோட்டத்துக் குழாயில் கால் சேற்றைக் கழுவிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தான்.

"இன்னா செல்வி, இன்னும் அதே இட்லியா? சுகன்யாவ கூப்புடேன். ரெண்டு நிமிஷத்துல துன்ன வச்சிடும்."

அவன் குத்திக்காட்டவில்லை. குழாய் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடச் சொல்வது போலத்தான் சொன்னான். அதனால்தான் செல்வகுமாரிக்கு அது நெஞ்சுக்குள் போய்த் தைத்தது.

சுகன்யா வேறு யாருமில்லை. அவள் கூடப் பிறந்த தங்கை, இதே வீட்டின் இளைய மருமகள். கொழுந்தன் பாக்யராஜுக்குப் பெண் தேடியபோது, "எவளோ ஒருத்தி வந்து வூட்ட ரெண்டாக்கறதுக்கு என் தங்கச்சியே வரட்டும்" என்று முன்னால் நின்று பேசி முடித்தவளே செல்வகுமாரிதான். மாமியார் இல்லாத வீடு. அக்காளும் தங்கையும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு, ஊர் கண் படும்படிதான் இருந்தார்கள்.

இந்த ஜூனில் குருவிநத்தம் அங்கன்வாடியில் சுகன்யாவுக்கு டீச்சர் வேலை கிடைத்தது. வேலைக்குப் போன கொஞ்ச நாளிலேயே பிள்ளைகளை எல்லாம் எடை போட்டார்கள். தர்ஷிகாவின் எடை வயதுக்கு ரொம்பக் குறைவு என்று தெரிந்தது. அன்று வரிசையில் நின்றிருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிச் செல்வகுமாரியைப் பார்த்ததை அவள் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் சுகன்யா விளையாட்டுகளை ஆரம்பித்தாள். கண்ணைக் கட்டிக்கொண்டு வாசனையில் காயின் பெயர் சொல்வது, கீரைக்குக் கடை வைத்து விற்பது, தட்டில் எத்தனை நிறம் என்று எண்ணி ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வாய் வாங்குவது. அங்கே தர்ஷிகா தின்றாள். எடையும் ஏறியது. செல்வகுமாரி சந்தோஷப்பட்டாள், சாமிக்குத் தேங்காய்கூட உடைத்தாள். ஆனால் வீட்டில் அவள் கையால் நீட்டும்போது மட்டும் அந்த வாய் பூட்டிக்கொண்டது. நாள் போகப் போக அவளுக்குத் தேங்காய் உடைத்தது மறந்துபோய், பூட்டிய வாய் மட்டும் நினைவில் நின்றது.

"அக்கா, கெளம்பலியா? இன்னிக்கி அங்கன்வாடில கல்யாணம்."

சுகன்யா ஈரத் தலையில் துண்டோடு வந்து குழந்தைக்கு எதிரே குந்தினாள். தட்டைப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"தர்ஷி, இந்த இட்லிக்கு காது எங்க இருக்குது?"

குழந்தை எறும்பை விட்டுவிட்டுத் திரும்பியது. இட்லியின் ஓரத்தைத் தொட்டுக் காட்டியது.

"அது காதா? அப்ப நம்ம பேசறதெல்லாம் கேட்டுக்குமே. சித்தி ஒரு ரகசியம் சொல்லணும். இன்னா பண்ணலாம்?"

தர்ஷிகா இட்லியின் காதைக் கடித்துத் தின்றாள். இன்னொரு பக்கமும் காது இருந்தது. அதையும் தின்றாள். கன்னம் உப்ப மென்றுகொண்டே காதைச் சித்தியிடம் நீட்டினாள். சுகன்யா குனிந்து ஏதோ சொன்னாள். குழந்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"இன்னாடி சொன்ன?" என்றாள் செல்வகுமாரி.

"ரகசியம்க்கா" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனாள் தங்கை.

குழந்தையும், "ரகசியம்மா" என்றது.

தட்டில் இட்லி இல்லை. செல்வகுமாரி காலித் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

*

அங்கன்வாடி வாசலில் இரண்டு வாழைக் கன்று கட்டியிருந்தது. காகிதத் தோரணம். உள்ளே பாயில் பிள்ளைகள் இரண்டு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கம் பெண் வீடு, இன்னொரு பக்கம் மாப்பிள்ளை வீடு. பெண் ஒரு குண்டுப் பரங்கிக்காய். சிவப்பு ரிப்பன் கட்டி, நெற்றியில் குங்குமம் வைத்திருந்தது. மாப்பிள்ளை ஒல்லி முருங்கைக்காய், வெள்ளைத் துணியில் வேட்டி.

தாய்மார்கள் சுவரோரம் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாற்காலியில் சூப்பர்வைசர் உஷாராணி. பாகூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்தவர், வந்ததிலிருந்து போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

ஒரு பையன் புடலங்காயை வாயில் வைத்து நாதஸ்வரம் ஊதினான். இன்னொருத்தன் டப்பாவைத் தட்டினான். பரங்கிக்காய்க்கு மாலை விழுந்தது. எல்லாம் முடிந்து சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். பரங்கிக்காயும் முருங்கைக்காயும் போட்ட சாம்பார், கேரட் பொரியல். எடுபிடி வேலைக்கு இருக்கும் மணியம்மாள் பாத்திரத்தோடு வந்து நின்றாள்.

அப்போது சுகன்யா கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினாள்.

"இருங்க, இருங்க. பொண்ணோட தாய்மாமன் எங்க? அவர காணலியே."

பிள்ளைகள் சுற்றிலும் தேடினார்கள். மூலையில், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, ஒரு பெரிய பாகற்காய் நின்றிருந்தது. அதற்குத் துண்டு போட்டு, கரியால் மீசை வரைந்திருந்தாள்.

"பாவக்காய் மாமாவுக்கு கோவம். ஏன் தெரியுமா? யாருமே அவர வாங்கன்னு கூப்புடல. எல்லாரும் கேரட்டுகிட்டதான் பேசறாங்க. எங்கிட்ட யாரு பேசறாங்க, நான் கசப்புன்னு எல்லாரும் ஓடறாங்கன்னு அழுவறாரு. மாமா இல்லாம பந்தி போட முடியுமா?"

"முடியாது" என்றார்கள் பிள்ளைகள்.

"அப்ப யாரு போயி சமாதானம் பண்றது? கிட்ட போயி, மாமா மாமா கோச்சிக்காதீங்கன்னு சொல்லிட்டு, ஒரு துண்டு துன்னுட்டு வரணும். அப்பதான் அவரு திரும்புவாரு."

மணியம்மாள் வெல்லம் போட்டு வதக்கிய பாகற்காயை ஒரு தட்டில் கொண்டுவந்து மாமாவின் பக்கத்தில் வைத்தாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் ஒரு குழந்தை எழுந்தது. தர்ஷிகாதான்.

மூலைக்குப் போய் பாகற்காயின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "மாமா மாமா, கோச்சிக்காதீங்க மாமா" என்றாள். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். முகம் ஒரு கணம் கோணியது. மென்றாள். விழுங்கினாள். இன்னொரு துண்டையும் எடுத்தாள்.

பெண்கள் கைதட்டினார்கள். மற்றப் பிள்ளைகள் அடித்துப்பிடித்துக்கொண்டு மாமாவிடம் ஓடினார்கள்.

செல்வகுமாரி கைதட்டவில்லை. அவள் கை மடியிலேயே கிடந்தது.

அது அவளுடைய விளையாட்டு.

அம்மா நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்விட்ட பகல்களில், மூன்று வயதுத் தங்கையை ஒன்பது வயதுச் செல்வகுமாரிதான் பார்த்துக்கொண்டாள். சுகன்யா அன்று சோற்றைக் கண்டாலே ஓடுவாள். துரத்தித் துரத்திக் கால் வலித்துப்போன ஒரு நாள், ஒரு சுரைக்காயை மூலையில் திருப்பி வைத்து, "மாமா கோச்சிக்கினாருடி, நீ துன்னாதான் திரும்புவாரு" என்று சொன்னவள் அவள்தான். அன்று சுகன்யா கிண்ணத்தை வழித்துத் தின்றாள். அதற்கப்புறம் எத்தனை நாள் அந்த மாமா கோபித்துக்கொண்டார் என்று கணக்கே இல்லை. அந்த மாமா இப்போது மீசை வைத்துக்கொண்டு வந்து, அவள் பெற்ற பிள்ளையையே தங்கையின் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் எனக்கு எப்படி மறந்தது என்று அவளுக்குத் தோன்றியது. அதைவிட, தங்கைக்கு மட்டும் எப்படி மறக்கவில்லை என்று தோன்றியதுதான் கசந்தது.

பந்தி முடிந்தது. சுகன்யா ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு துண்டு வெல்லம் கொடுத்தாள்.

"ஒங்களுக்கு தெனமும் யாரு ஊட்டறாங்க? அவங்களுக்கு இன்னிக்கி நீங்க ஊட்டிட்டு வாங்க பாக்கலாம்."

பிள்ளைகள் தாய்மார்களைப் பார்த்து ஓடினார்கள். தர்ஷிகாவும் ஓடிவந்தாள். செல்வகுமாரி முன்னால் சாய்ந்து, வாயைக்கூடத் திறந்துவிட்டாள்.

குழந்தை பாதி வழியில் நின்றது. யோசித்தது. திரும்பிப் போய், சித்தியின் முந்தானையைப் பிடித்து இழுத்துக் குனியவைத்து, வெல்லத்தை அவள் வாயில் வைத்தது.

திறந்த வாயை மூடிக்கொள்வதற்குள் பக்கத்து வீட்டுச் சின்னபொண்ணு பார்த்துவிட்டாள்.

"இன்னா செல்வி, ஒம் பொண்ணு வூடு மாறிட்டாளா?"

சுகன்யா சட்டென்று பாதி வெல்லத்தைக் கடித்து மிச்சத்தைக் குழந்தையின் கையிலேயே கொடுத்தாள். "அம்மாவுக்கு குடு தர்ஷி. ஓடு."

சித்தி சொன்னதற்காகக் குழந்தை வந்தது. அந்த எச்சில் துண்டைச் செல்வகுமாரி வாயில் வாங்கிக்கொண்டாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறென்ன செய்வது.

உஷாராணி எழுந்து வந்து சுகன்யாவின் தோளைத் தட்டினார்.

"ரொம்ப நல்லா இருந்திச்சி சுகன்யா. அதுவும் அந்த மாமா ஐடியா. எங்கேர்ந்து புடிச்ச, யூடியூபா?"

செல்வகுமாரி நிமிர்ந்தாள். இப்போது சொல்வாள். எங்க அக்கா எனக்கு விளையாட்டு காட்டினது மேடம் என்று சொல்வாள். ஒரே ஒரு வார்த்தை. அது போதும்.

"இல்ல மேடம். நானா யோசிச்சதுதான்" என்றாள் சுகன்யா.

"அப்டியா? நான் எல்லா சென்டர் டீச்சரையும் ஒரு நாள் வரச் சொல்றேன். நீயே செஞ்சி காட்டு." உஷாராணி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செல்வகுமாரியின் பக்கம் திரும்பினார். "நீங்கதானே தர்ஷிகாவோட அம்மா? ரெண்டு வார்த்த சொல்லுங்கம்மா. இந்த வெளையாட்டெல்லாம் வந்தப்பறம் வீட்ல கொழந்த எப்டி சாப்புடுது?"

போனின் கண் அவளையே பார்த்தது. கூடத்தில் பேச்சு அடங்கியது.

"சாப்புடறதா?" என்றாள் செல்வகுமாரி. குரல் அவளுடையது போலவே இல்லை. "இங்க கண்டதையும் வாயில போட்டு வெளையாடிட்டு வந்து வூட்ல வயித்து வலின்னு உருளுது மேடம். போன வாரம் பூரா சோறெல்லாம் வாந்தி. வெளையாட்டு பாக்க நல்லாத்தான் இருக்குது. ராத்திரி கண்ணு முழிக்கறது நான்தானே."

உஷாராணியின் கை போனோடு கீழே இறங்கியது.

"வாந்தியா? ஏன் என்கிட்ட யாரும் சொல்லல?"

மணியம்மாள் முன்னால் வந்தாள். "மேடம், பச்சையா ஒண்ணுமே குடுக்கறதில்ல. நான்தான வேவ வச்சி..."

"கொஞ்சம் இருங்கம்மா. சுகன்யா, இன்னா இது? அம்மா சொல்றது நெசமா?"

போன வாரம் குழந்தை வாந்தி எடுத்தது நிஜம். ஏன் எடுத்தது என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அன்று தர்ஷிகா முட்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டபோது, பொறுமை போய், மூக்கைப் பிடித்து வாயைத் திறக்கவைத்து முட்டையைத் திணித்தவள் செல்வகுமாரி. தின்றதெல்லாம் வெளியே வந்து விழுந்தது. அழுத குழந்தையைக் கழுவிவிட்டு, தரையைத் துடைத்தவள் சுகன்யா. அக்காவை அன்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுகன்யா இப்போதும் அக்காவை ஒருமுறை பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

"அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்."

*

அன்று மத்தியானமே விளையாட்டுகள் நிறுத்தப்பட்டன. விசாரிக்கும்வரை சமைத்துப் போடுவது மட்டும்தான் வேலை, சாயங்காலம் பாகூர் ஆபீசுக்கு வந்து என்னைப் பார் என்று சொல்லிவிட்டு உஷாராணி போய்விட்டார். தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, போகும்போதே வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

செல்வகுமாரி குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. கரும்புத் தோட்டத்து மேட்டைத் தாண்டுவதற்குள் அந்த மாதிரியும் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் கூடையில் இருந்த பாகற்காயை எடுத்து அரிந்தாள். வெல்லம் போட்டு வதக்கினாள். ஒரு முழுக் காயைச் சுவர் மூலையில் திருப்பி வைத்தாள். அதன் மேல் கைக்குட்டையைப் போட்டாள்.

நான் கண்டுபிடித்த விளையாட்டு. என்னைவிட யார் நன்றாக விளையாடிவிடப் போகிறார்கள்?

"தர்ஷி, இங்க வா. மாமாவுக்கு கோவம். பாரு."

குழந்தை வந்து நின்று பார்த்தது.

"நீ துன்னலன்னா மாமா திரும்ப மாட்டாரு. துன்னு. ம், சீக்கிரம். மாமா ரொம்ப கோவமா இருக்காரு. துன்னப் போறியா இல்லியா?"

"அம்மா" என்றாள் தர்ஷிகா மெல்ல. "மாமா ஏன் என்ன திட்றாரு?"

செல்வகுமாரியின் கை அந்தரத்தில் நின்றது. குழந்தை ஒரு அடி பின்னால் போய், மூக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டது. அவள் மூக்கைப் பிடிக்க வருவாள் என்று நினைத்துத்தான் மூடிக்கொண்டது. அது புரிந்ததும் தட்டைத் தரையில் வைத்தாள். பாயில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. அழுகை வந்தது. சத்தம் வராமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எப்போது தூங்கினாள் என்று தெரியவில்லை.

யாரோ முதுகைத் தடவினார்கள். சின்னக் கை.

"மாமா மாமா, கோச்சிக்காதீங்க மாமா."

அவள் அசையவில்லை.

"கோச்சிக்காதீங்க மாமா. ஒரு வாய்."

செல்வகுமாரி திரும்பினாள். தர்ஷிகா சோற்றில் வதக்கலைப் போட்டுப் பிசைந்து, பாதி பாயிலும் பாதி கையிலுமாக ஒரு கவளம் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா வாயைத் திறந்தாள். கவளம் உள்ளே போனது. அடுத்த கவளத்தைக் குழந்தை தன் வாயில் போட்டுக்கொண்டது.

"மாமாவுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு" என்றாள் தர்ஷிகா. "அப்பதான் கோவம் போவும். சித்தி சொன்னாங்க."

தட்டு காலியாகும்வரை அப்படியே நடந்தது. தான் சமைத்ததைத் தன் எதிரில் உட்கார்ந்து பிள்ளை தின்று அவள் பார்த்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது. நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஆனால் 'சித்தி சொன்னாங்க' என்ற அந்த இரண்டு வார்த்தையும் சோற்றில் கல் மாதிரிப் பல்லில் மாட்டிக்கொண்டன. மாமாவை உண்டாக்கியவள் நான் என்று இந்தக் குழந்தைக்குச் சொல்ல நாக்கு துடித்தது. நாலு வயதுக் குழந்தையிடம் போய் வழக்குச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. பேசாமல் அதன் கையைக் கழுவிவிட்டாள்.

*

சுகன்யா வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. நேராகத் தோட்டத்துக்குப் போய் முகம் கழுவினாள். செல்வகுமாரி அங்கேதான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி சொல்லல?" என்றாள் செல்வகுமாரி, பாத்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இன்னான்னு சொல்றது? எங்கக்கா மூக்க புடிச்சி திணிச்சா, அதுல வாந்தி வந்திச்சின்னா? அத்தினி பொம்பளைங்க முன்னாலயா?"

செல்வகுமாரி தேய்த்த சட்டியையே மறுபடி தேய்த்தாள். பிறகு, காலையிலிருந்து தொண்டையில் நின்றது வெளியே வந்தது.

"நானா யோசிச்சேன்னு சொன்னியே. அந்த மாமா நீ யோசிச்சதா?"

"பின்ன யாரு யோசிச்சா?"

"நான்டி. ஒனக்கு சோறு ஊட்டறதுக்காவ நான் செஞ்சது. சொரக்காய மூலையில நிக்க வச்சி. தெனமும். அம்மா நடவுக்கு போனப்ப."

சுகன்யா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த துண்டை இறக்கினாள்.

"எனக்கு அப்ப இன்னா வயசு?"

"மூணு."

"எனக்கு நெனப்பே இல்லக்கா." அவள் குரல் தணிந்துவிட்டது. "ராத்திரி படுத்துக்கினு யோசிச்சப்ப தானா வந்திச்சி. நான்தான் கண்டுபுடிச்சேன்னு சந்தோஷமா இருந்திச்சி. நெசமா நெனப்பு இல்ல."

சின்ன வயதிலிருந்து தங்கை பொய் சொன்னால் அக்காவுக்குத் தெரியும். இது பொய் இல்லை. பொய்யாக இருந்தால் நன்றாயிருக்கும் என்று செல்வகுமாரிக்குத் தோன்றியது. கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் கிடைத்திருக்கும்.

"நாளைக்கு நானே பாகூருக்கு வந்து மேடத்துகிட்ட உண்மைய சொல்லிடறேன்" என்றாள். "வாந்தி என்னாலதான்னு சொல்றேன். ஒன் வேலைக்கு ஒண்ணும் வராது."

"சொல்லு. சொல்லணும். மணியம்மாள் பேரும் கெட்டுப்போச்சில்ல." சுகன்யா துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். "ஆனா நான் இங்க இருக்கப் போறதில்லக்கா. பிள்ளைச்சாவடி சென்டர்ல டீச்சர் பிரசவத்துக்கு லீவுல போறாங்களாம். போறியான்னு மேடம் கேட்டாங்க. சரின்னுட்டேன்."

செல்வகுமாரியின் கையிலிருந்த சட்டி தண்ணீரில் விழுந்தது.

"பிள்ளைச்சாவடியா? தெனமும் எப்டிடி போயிட்டு வருவ?"

"வர்றதில்ல. அங்கயே வூடு பாத்துக்கறோம். அவரு கம்பெனி இருக்கற சேதராப்பட்டும் அங்கேர்ந்து கிட்ட. எத்தினி நாளா கேட்டுக்கினு இருக்காரு, ஒனக்குத் தெரியாதா? நான்தான் அக்காவ வுட்டுட்டு வர மாட்டேன்னு நிறுத்தி வச்சிருந்தேன். பஸ்ஸுலேர்ந்து அவருக்கு போன் பண்ணி சரின்னு சொல்லிட்டேன்."

பாக்யராஜ் கம்பெனி பஸ்ஸுக்காக விடியற்காலையில் எழுந்து ஓடுவதும், தனியாகப் போகிறோம் என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் நவீன்குமார் முகம் சுருங்குவதும், அண்ணன் தம்பிக்குள் அந்தப் பேச்சு பாதியிலேயே நின்றுபோவதும் செல்வகுமாரிக்குத் தெரியும். நிறுத்தி வைத்திருந்தது சுகன்யா என்பதுதான் தெரியாது.

"இன்னிக்கி நான் சொன்னதுக்காவயா?"

"அதுக்காவ இல்ல." சுகன்யா துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "அந்தப் புள்ள எங்கிட்ட வாய தொறக்கும்போதெல்லாம் நீ என்ன ஒரு பார்வ பாக்கற. ஆறு மாசமா பாக்கறேன். அத வச்சிக்கினு ஒரே வூட்ல சோறு எறங்கல எனக்கு."

"சுகன்யா..."

"இரு, நானும் ஒண்ணு சொல்லிடறேன். எம்மேலயும் தப்பு இருக்குது. இன்னிக்கி வெல்லத்த எடுத்துக்கினு அது ஒன்ன தாண்டி எங்கிட்ட வந்திச்சி பாரு, அப்ப எனக்கு சந்தோஷமா இருந்திச்சி. ஒன் மூஞ்சிய பாத்துக்கினே சந்தோஷமா இருந்திச்சி. ஒனக்கு புள்ள இருக்குது, எனக்கு இல்லன்னு ரெண்டு வருஷமா பாக்கற ஆளுதான நானும்."

சொல்லிவிட்டதால் மனம் லேசாகும் என்பார்கள். செல்வகுமாரிக்கு அப்படி ஆகவில்லை. தங்கையும் தன்னைப் போலவேதான் வெந்துகொண்டிருந்தாள் என்று தெரிந்தபோது ஒரு கணம் இரக்கமாக இருந்தது. அடுத்த கணமே, பிள்ளைச்சாவடி தூரம், வீட்டில் நானும் என் குழந்தையும் மட்டும் என்று ஒரு கணக்கு உள்ளே ஓடியது. ஓடிய கணக்கைக் கண்டு அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

பின்கதவு திறந்தது.

தர்ஷிகா நின்றாள். எவ்வளவு நேரமாக அங்கே இருந்தாளோ தெரியாது. அங்கன்வாடிக்குக் கொண்டுபோகும் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருந்தாள்.

"சித்தி, எங்க போற?"

சுகன்யா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"நானும் வரேன்."

ஈரக் கையோடு செல்வகுமாரி எழுந்து நின்றாள். குழந்தையை இழுத்து அணைத்துக்கொள்ளக் கை நீண்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போன முகம் கண்முன் வந்ததும் கை தானாக நின்றுவிட்டது. தங்கையைப் பார்த்தாள். இதற்கு வேண்டாம் என்று சொல்ல வேண்டியவள் சுகன்யாதான். அவள் சொன்னால் குழந்தை கேட்கும். நீ அம்மாகூட இரு கண்ணு என்று ஒரு வார்த்தை. சொல்லிவிடுவாள் என்று செல்வகுமாரி காத்திருந்தாள்.

சுகன்யா துவைக்கும் கல்லிலிருந்து இறங்கி வந்தாள். குனிந்து, கால் மாறியிருந்த செருப்பைக் கழற்றிச் சரியாக மாட்டிவிட்டாள். பிறகு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

வேண்டாம் என்று சொல்லவில்லை.